நாயோட கேம்பிங்: டென்வருக்குக் கிழக்கால புல்வெளிப் பக்கம் போனவங்க யாராவது இருக்கீங்களா?

மதி_ஆரோரா:
மக்களே வணக்கம். எங்க வீட்ல ஒரு லேப் (லாப்ரடார் நாய்) இருக்கா, நாலு வயசு, பேரு புஜ்ஜி. மலைப் பக்கம் போலாம்னு பாத்தா ராக்கி மவுண்டன் நேஷனல் பார்க்ல ட்ரெயில்ல நாயே கூடாதாம், ரோடு, பார்க்கிங், கேம்ப்கிரவுண்டோட சரியாம். அப்புறம் எதுக்கு அவளையும் ஏத்திக்கிட்டு அவ்ளோ தூரம் போறது. அதான் இந்தத் தடவ எதிர்த் திசைல சமவெளிக்குப் போலாம்னு நானும் வீட்டம்மாவும் பேசிட்டிருக்கோம். பாவ்னி கிராஸ்லேண்ட், இல்லன்னா நெப்ராஸ்காவுல டோட்ஸ்டூல், இல்லன்னா ஒரேடியா சவுத் டகோட்டாவுல பேட்லேண்ட்ஸ். ஜூன் முதல் வாரம், டென்ட்தான், உள்ளயே தங்குற ஆர்வி வண்டி எல்லாம் கிடையாது. என்னென்ன பாக்கணும்னு சொல்லுங்க. பாம்பு பத்தி மட்டும் கொஞ்சம் விரிவா சொல்லுங்க, வீட்டம்மா அதுலயே நிக்கிறா.

காடோடி_லிங்கன்:
மதி தம்பி, பாவ்னியிலேயே ஆரம்பிங்க. டென்வர்லேந்து ரெண்டு மணி நேரம்கூட ஆகாது, சரிப்படலன்னா ராத்திரியோட ராத்திரியா வீடு திரும்பிரலாம். இது நேஷனல் பார்க் இல்ல, நேஷனல் கிராஸ்லேண்ட், ஃபாரஸ்ட் சர்வீஸ் கையில இருக்கு, நாய் விஷயத்துல கெடுபிடி ரொம்பக் கம்மி. 1930-கள்ல புழுதிப் புயல் அடிச்சு விவசாயம் நொடிச்சுப் போனப்ப ஜனங்க கைவிட்ட நிலத்த அரசாங்கம் வாங்கி திரும்ப புல்லாக்குன பூமி இது. எல்லாரும் விக்கல, வித்தவன் நிலம் மட்டும்தான் அரசாங்கத்துக்கு வந்துச்சு, அதனால மொத்தம் 1 லட்சத்து 93 ஆயிரம் ஏக்கர்னு சொன்னாலும் மேப்ல பாத்தா சதுரங்கக் கட்டம் மாதிரி ஒண்ணு அரசாங்கத்துது, அடுத்தது தனியாரோடதுன்னு கெடக்கும். கம்பி வேலி இல்லாத எடத்துலகூட நீங்க அடுத்தவன் நிலத்துல கால் வெச்சிருக்கலாம். வீட்ல வைஃபை இருக்கும்போதே எல்லை போட்ட மேப்ப டவுன்லோட் பண்ணிக்கங்க, அங்க சிக்னல நம்பாதீங்க.

தங்குறதுக்கு பிரிக்ஸ்டேல் ஊரு பக்கத்துல க்ரோ வேலி கேம்ப்கிரவுண்ட் இருக்கு, காட்டன்வுட் மரம், எல்ம் மரம்னு கொஞ்சம் நிழல் கெடைக்கிற எடம். வெளிய திறந்த வெளியிலயும் தங்கலாம், 14 நாள் வரைக்கும் விடுவாங்க, ஆனா நாயோட ஜூன்ல போறவங்களுக்கு நான் நிழலத்தான் சொல்லுவேன். கிட்டத்தட்ட 5000 அடி உசரம், வெயில் சுரீர்னு ஏறும், நாய் ஒதுங்குறதுக்கு உங்க கார் நிழல விட்டா வேற ஒண்ணும் இருக்காது.

பாவ்னி ப்யூட்ஸ்ன்னு ரெண்டு மொட்டைக் குன்று இருக்கு, தரையிலேந்து 300 அடி கிட்ட நிக்கும், அதுவரைக்கும் நடந்து போலாம், நாயையும் கூட்டிட்டுப் போலாம். மார்ச் 1-லேந்து ஜூன் 30 வரைக்கும் பருந்து, கழுகு கூடு கட்டுற பாறை விளிம்பெல்லாம் மூடியிருப்பாங்க, போர்டு பாத்துட்டுப் போங்க.

ஊசி_மஞ்சு:
நான் ஃபோர்ட் காலின்ஸ் பக்கம் வெட், அதாவது கால்நடை டாக்டர்கிட்ட டெக்னீஷியனா வேல பாக்குறேன், பாம்பு கேள்விய நான் எடுத்துக்குறேன்.

அங்க இருக்கிறது ப்ரெய்ரி ராட்டில்ஸ்நேக், விஷப் பாம்பு. வால்ல இருக்கிற கிலுகிலுப்பைய ஆட்டும்னு சொல்லுவாங்க, எல்லா நேரமும் ஆட்டாது. காலைலயும் பொழுது சாயும்போதும் ரோட்டுல, பாதை ஓரத்துல சூட்டுக்கு வந்து கெடக்கும், நடு வெயில்ல புதர் அடியிலயும் ப்ரெய்ரி டாக் (பேருதான் டாக், அணில் ஜாதி) பொந்துலயும் இருக்கும். நாய்ங்களுக்குப் பெரும்பாலும் கடி விழுறது மூஞ்சிலயும் முன்னங்கால்லயும். ஏன்னா மூக்க நீட்டி மோந்து பாக்கப் போகும், லேப்னா கேக்கவே வேணாம்.

கடிச்சிருச்சுன்னா மொதல்ல காலர கழட்டுங்க, மூஞ்சி கழுத்து எல்லாம் வீங்கும். கீறி விடுறது, கயித்தால கட்டுறது, ஐஸ் வெக்கிறது எதுவும் வேண்டாம். வலிக்குதேன்னு மனுசங்க மாத்திரை, இபுப்ரோஃபென் ஆஸ்பிரின் எல்லாம் குடுத்துராதீங்க, ரத்தப்போக்கு இன்னும் மோசமாகும். முடிஞ்சா தூக்கிட்டு வாங்க, நடக்க விடாதீங்க. விஷமுறிவு மருந்து மட்டும்தான் நெஜமான வைத்தியம், அது எல்லா கிளினிக்லயும் இருக்காது, ஒரு குப்பியே பல நூறு டாலர் ஆகும், ஒண்ணுக்கு மேலயும் தேவைப்படலாம். அதனால கெளம்புறதுக்கு முன்னாடியே நீங்க போற எடத்துலேந்து கிட்ட இருக்கிற ரெண்டு மூணு வெட் டாக்டருக்கு ஃபோன் போட்டு “ஆன்டிவெனம் ஸ்டாக் இருக்கா, ராத்திரி யாராச்சும் இருப்பாங்களா”ன்னு கேட்டு எழுதி வெச்சுக்கங்க. பாவ்னின்னா ஃபோர்ட் காலின்ஸ்ல சிஎஸ்யூ (கொலராடோ ஸ்டேட் யுனிவர்சிட்டி) கால்நடை டீச்சிங் ஹாஸ்பிடல் எமர்ஜென்சி இருக்கு. நெப்ராஸ்கா, டகோட்டா உள்ள போய்ட்டீங்கன்னா மாட்டு டாக்டர்தான் நாய்க்கும் டாக்டர், அவங்கள கொறச்சு எட போடாதீங்க, பாம்புக்கடி அவங்க பாத்த அளவுக்கு சிட்டி டாக்டருங்க பாத்திருக்க மாட்டாங்க.

தடுப்பூசி ஒண்ணு இருக்கே போடலாமான்னு அடுத்து கேப்பீங்க. அது வெஸ்டர்ன் டைமண்ட்பேக்னு வேற ஒரு பாம்பு விஷத்த வெச்சு செஞ்சது. ப்ரெய்ரி ராட்டில்ஸ்நேக்குக்கு எவ்வளவு கேக்கும்ங்கிறதுக்கு உறுதியான ஆதாரம் இல்ல. போட்டாலும் போடலன்னாலும் கடிபட்டா ஆஸ்பத்திரிக்கு ஓடித்தான் ஆகணும். என் நாய்க்கு நான் போடல.

வாலாட்டி_கார்த்தி:
எல்லாம் சரி, ஆனா இப்படி பயமுறுத்துனா யாரு போவா? அவ்வளவு பரந்த வெளி, கண்ணுக்கெட்டின தூரம் ஆளே இல்ல, அங்க போயும் நாய ஆறு அடி கயித்துல கட்டி வெச்சா அது வீட்டு பால்கனியிலயே இருக்கலாமே. எங்க ஹீலர் சொன்ன பேச்சு கேக்கும், கூப்டா ஓடி வரும். நான் அவுத்துதான் விடுறேன். ஓடட்டும்யா, அதுக்குத்தான போறோம்.

காடோடி_லிங்கன்:
கார்த்தி ப்ரோ, உங்க நாய் உங்க பேச்ச கேக்கும், சரி. மாடு கேக்குமா?

அந்தப் புல்லெல்லாம் சும்மா கெடக்குன்னு நெனக்காதீங்க, மாட்டுப் பண்ணைக்காரங்க பர்மிட் வாங்கி மாடு மேய்க்கிற நிலம். கன்னு போட்ட மாடு நாயப் பாத்தா கோயோட்டிங்கிற ஓநாய் ஜாதின்னு நெனச்சு நேரா முட்ட வரும். நாய் என்ன பண்ணும், பயந்துபோய் உங்ககிட்டயே ஓடி வரும், பின்னாடியே 500 கிலோ மாடும் வரும். இன்னொண்ணு, கொலராடோ சட்டப்படி ஆடு மாட்ட துரத்துற நாய அந்த எடத்துலயே சுடலாம். ஹீலர்னா மாட்டு காலக் கடிச்சு ஓட்டுறதுக்குன்னே வளத்த ஜாதி, அது ரத்தத்துலயே இருக்கு. பண்ணைக்காரருக்கு உங்க நாய் நல்ல நாயா கெட்ட நாயான்னு எப்படித் தெரியும்? அவருக்கு அது பொழப்பு.

அப்புறம் மே, ஜூன் மாசம் தரையிலயே கூடு கட்டுற பறவைங்க நெறைய. லார்க் பண்டிங், கொலராடோவோட மாநிலப் பறவை, அதுவே புல்லு அடியிலதான் முட்ட வெக்கிது. நாய் மிதிச்சுதுன்னு உங்களுக்குத் தெரியக்கூட தெரியாது.

வாலாட்டி_கார்த்தி:
சுடுற சட்டம் தெரியும் அண்ணே, மாடு இருக்கிற பக்கம் நான் போக மாட்டேன். மாடு இல்லாத எடத்துல என்ன தப்புன்னு கேக்குறேன்.

ஊசி_மஞ்சு:
மாடு மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கார்த்தி. பாக்க தட்டையா இருக்குன்னுதான் எல்லாரும் நெனக்கிறாங்க, நெலம் அலை அலையா எறங்கி ஏறும், ஒரு பள்ளத்துல 40 மாடு நின்னாலும் மேல நிக்கிறவனுக்குத் தெரியாது. நாய்க்கு மொதல்ல வாசம் போயிரும்.

ஓடணும்னா 30 அடி நீளக் கயிறு விக்கிறாங்க, பயோதேன்னு ஒரு பிளாஸ்டிக் பூச்சு போட்டது, முள்ளு ஒட்டாது, தண்ணி ஊறாது. அதையும் கழுத்துல மாட்டாதீங்க, நெஞ்சுல போடுற ஹார்னஸ்ல மாட்டுங்க. ஓடின மாதிரியும் ஆச்சு, கையிலயும் ஆச்சு. எங்கெங்க கயிறு நீளம் ஆறு அடின்னு ரூல் போட்டிருக்கோ அங்க மட்டும் சின்னது.

டகோட்டா_தென்காசிக்காரன்:
பேட்லேண்ட்ஸ் பத்தி நான் சொல்றேன், ராப்பிட் சிட்டியில இருக்கேன். மதி, நாயோட வர்றீங்கன்னா பேட்லேண்ட்ஸ் நேஷனல் பார்க் உங்களுக்கு ஏமாத்தம்தான். அங்கயும் ராக்கி மவுண்டன் கதையேதான், ட்ரெயில்ல கூடாது, ப்ரெய்ரி டாக் காலனி பக்கம் கூடாது, தார் ரோடு, மண் ரோடு, பார்க்கிங், கேம்ப்கிரவுண்ட் மட்டும், கயிறு ஆறு அடிக்கு மேல போகக்கூடாது. சேஜ் க்ரீக் கேம்ப்கிரவுண்ட் இலவசம்னு எல்லாரும் வர்றாங்க, அங்க தண்ணியும் கெடையாது, டென்டுக்கு நடுவுலயே காட்டெருமை மேயும். ஒரு ஆண் பைசன் 900 கிலோ வரைக்கும் இருக்கும், 100 கஜம் தள்ளி நிக்கணும்னு பார்க்ல சொல்றாங்க, ஆனா அது உங்க டென்ட்டப் பாத்து வந்தா நீங்க எங்க போவீங்க? நாய் கொரச்சுதுன்னா அவ்ளோதான். நான் நாயோட சேஜ் க்ரீக் போறதில்ல.

அதுக்கு பதிலா பார்க்க சுத்தி இருக்கிற பஃபலோ கேப் நேஷனல் கிராஸ்லேண்ட்ல தங்குங்க. வால் ஊருக்கு தெக்க நோமாட் வியூன்னு ஒரு எடம், காசு கெடையாது, பேட்லேண்ட்ஸ் மொத்தமும் கீழ தெரியும். விளிம்பு நேரா எறங்குது, ராத்திரி நாய டென்டுக்குள்ளயோ காருக்குள்ளயோ வெச்சுக்கங்க. காத்து பேய்க் காத்து. டென்டோட வர்ற கம்பி முளை எல்லாம் பிடுங்கிட்டுப் போயிரும், ஒரு அடி நீள முளையா வாங்கிக்கங்க.

ப்ரெய்ரி டாக் பத்தி ஒண்ணு. பாக்க அழகா நின்னு கீச்சு கீச்சுன்னு கத்தும், நாய்ங்களுக்கு பைத்தியம் புடிக்கும். அந்தப் பொந்துல இருக்கிற தெள்ளுப்பூச்சியில பிளேக் இருக்கலாம், ஆமா, பழைய காலத்து அதே பிளேக்தான். 2008-ல இங்க கொனாட்டா பேசின்ல வந்து ப்ரெய்ரி டாக் கூட்டம் கூட்டமா செத்துச்சு, அதத் தின்னு வாழுற கறுங்கால் ஃபெரட்ட (கீரி மாதிரி ஒரு பிராணி) காப்பாத்த பொந்து பொந்தா பூச்சிமருந்து தூவுனாங்க. நாய்ங்க பிளேக்ல படுக்கிறது அபூர்வம், ஆனா அந்தத் தெள்ள ஒடம்புல ஏத்திக்கிட்டு உங்க ஸ்லீப்பிங் பேகுக்குள்ள வந்துரும். தெள்ளு, உண்ணி மருந்து குடுக்காம இந்தப் பக்கம் நாய எறக்கவே கூடாது.

ஷெர்லாக்_அம்மா:
பாம்பு, எருமை எல்லாத்தையும் விடுங்கப்பா. நாய அதிகமா ஆஸ்பத்திரிக்கு அனுப்புறது புல்லு. மஞ்சுவக் கேளுங்க.

நீடில் அண்ட் த்ரெட்னு ஒரு புல்லு பாவ்னி முழுக்க இருக்கு. ஜூன் வாக்குல விதை முத்தும். ஒண்ணு எடுத்து உள்ளங்கையில வெச்சுப் பாருங்க, முனை ஊசி மாதிரி, அதுக்கு மேல பின்னோக்கி சாஞ்ச மயிர், வாலு கூந்தல் மாதிரி முறுக்கியிருக்கும். ஒரு சொட்டுத் தண்ணி பட்டா அந்த வாலு முறுக்கு அவிழ்ந்து தானா சுத்த ஆரம்பிக்கும், காஞ்சா மறுபடி முறுக்கும். அப்படி திருகித் திருகித்தான் மண்ணுக்குள்ள எறங்குது. மண்ணுக்கும் நாய்த் தோலுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது. சீட்கிராஸ், ஃபாக்ஸ்டெய்ல் பார்லி இதெல்லாமும் அப்படித்தான், உள்ள போகும், வெளிய வராது. விரல் இடுக்கு, காது, மூக்கு, கண்ணிமைக்குள்ள எல்லாம் போகும். சும்மா விட்டா சீழ் கட்டி உள்ளயே நகந்து போகும்.

அதனால கெளம்புறதுக்கு முன்னாடி பாதத்துல விரலுக்கு நடுவுல இருக்கிற மயிர வெட்டி விடுங்க. அங்க தினம் ரெண்டு வேள நாய மல்லாக்கப் படுக்கப் போட்டு விரல் விரலா, அக்குள், தொடையிடுக்கு, காது மடல் உள்பக்கம்னு தடவிப் பாருங்க. தலைய ஒரு பக்கமா சாச்சு விடாம ஆட்டுச்சுன்னா காதுல போயிருச்சு, திடீர்னு தும்மல் அடுக்கடுக்கா வந்தா மூக்குல. ரெண்டுக்கும் வீட்டு வைத்தியம் கெடையாது, வெட் டாக்டர்தான்.

அப்புறம் நம்ம ஊரு சாமான் ரெண்டும் அங்க இருக்கு, நெருஞ்சி முள்ளும் சப்பாத்திக்கள்ளியும். நெருஞ்சி வெளியூர்லேந்து வந்து பரவின களை, கொலராடோ அரசாங்க களைப் பட்டியல்லயே இருக்கு, இங்க கோட்ஹெட்டுன்னு சொல்லுவாங்க. ரோட்டோரம், பார்க்கிங், கேட்டுப் பக்கம் எங்கெல்லாம் மண்ணு மிதிபட்டுக் கெடக்கோ அங்கெல்லாம். போன வருசத்து முள்ளே இன்னும் கூரா கெடக்கும். கள்ளி தரையோட தரையா புல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், பெரிய முள்ளக் கூட எடுத்துரலாம், அந்தப் பொடி முள்ளு இருக்கே, சீப்ப வெச்சு மொத வாரிட்டு அப்புறம் முள்வாங்கி. நாய்க் காலுக்கு பூட்டிஸ்னு ஷூ விக்கும், அத மாட்டுனா நல்லது, ஒரு வாரம் வீட்லயே மாட்டிப் பழக்குங்க, இல்லன்னா அங்க போய் கால தூக்கித் தூக்கி நடந்து உங்களையும் சிரிக்க வெச்சு அதுவும் கழட்டிப் போட்டுரும்.

மதி_ஆரோரா:
ஐயோ இவ்வளவு இருக்கா. எல்லாருக்கும் நன்றி. வீட்டம்மா பாம்ப விட்டுட்டு இப்ப புல்லப் பாத்து பயப்படுறா. டோட்ஸ்டூல் பத்தி யாரும் சொல்லலையே?

காடோடி_லிங்கன்:
டோட்ஸ்டூல் எனக்குப் புடிச்ச எடம். க்ராஃபோர்ட் ஊருக்கு வடமேக்க ஓக்லாலா நேஷனல் கிராஸ்லேண்ட்ல. காளான் மாதிரி பாறை, களிமண் குன்று, பழங்கால மிருகங்களோட காலடித் தடம் கல்லாவே இருக்கும். பேட்லேண்ட்ஸ்ல கெடைக்காதது இங்க கெடைக்கும், அதாவது நாய கயித்துல புடிச்சுக்கிட்டு பாறைக்கு நடுவுல நடக்கலாம். கேம்ப்சைட்டு கைவிரல் விட்டு எண்ணிரலாம், தண்ணி சொட்டு கெடையாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், நாய்க்கும் ஒரு கேலன் போட்டுக்கங்க, லேப் அவ்வளவு குடிக்காது, ஆனா ஒடம்ப நனைக்கத் தேவைப்படும்.

மழை வந்தா மட்டும் யோசிங்க. அந்த மண்ணு பென்டோனைட் களி, உள்ளூர்ல கம்போன்னு சொல்லுவாங்க. நனைஞ்சா டயர்ல அப்பி சக்கரமே சுத்தாது, ஃபோர் வீல் டிரைவ்லாம் அதுக்கு தூசு. வானம் இருட்டுதுன்னா அன்னிக்கு அந்த ரோட்டுல எறங்காதீங்க, ஃபோர்ட் ராபின்சன் ஸ்டேட் பார்க்குக்குப் போயிருங்க. 1877-ல க்ரேஸி ஹார்ஸக் கொன்ன அதே கோட்டை. இப்ப மரம், ஷவர், கரண்ட் எல்லாம் இருக்கு, நாயும் விடுவாங்க, வண்டிக்கு ஸ்டேட் பார்க் பர்மிட் மட்டும் எடுக்கணும்.

டகோட்டா_தென்காசிக்காரன்:
வானம்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு, ஜூன்ல ஆலங்கட்டி! கொலராடோ, வயோமிங், நெப்ராஸ்கா மூணும் சேர்ற மூலை நாட்டுலயே ஆலங்கட்டி அதிகம் விழுற எடங்கள்ல ஒண்ணு. காலைல நீலமா இருக்கும், மத்தியானம் மேக்க காலிஃபிளவர் மேகம் எழும்பும், சாயங்காலம் உங்க தலைக்கு மேல. சிக்னல் இல்லாத எடத்துக்கு நோவா (NOAA) வெதர் ரேடியோ, வானிலை எச்சரிக்கை சொல்றது, ஒண்ணு வாங்குங்க, சல்லிசாத்தான் கெடைக்கும். இடி சத்தம் கேட்டுச்சுன்னா டென்ட்ட மறந்துருங்க, எல்லாரும் காருக்குள்ள. நாய்க்கு கார்ல ஒரு கூண்டு (கிரேட்) இருந்தா நல்லது, இடிக்கு மெரண்டு கதவத் தெறந்த நொடியில பாஞ்சு போன நாய அந்த இருட்டுல தேடுறது மாதிரி கொடும கெடையாது. மைக்ரோசிப் நம்பர் பழைய ஃபோன் நம்பர்ல இருக்கான்னு இப்பவே பாருங்க.

வாலாட்டி_கார்த்தி:
இது நான் ஒத்துக்குறேன். எங்காளு வாணவேடிக்கைக்கே கட்டிலுக்கு அடியில போயிரும். நீளக் கயிறு ஒண்ணு ஆர்டர் போட்டாச்சு மஞ்சு, சந்தோசமா? ஆனா ஆளில்லாத ஆத்து மணல்ல நான் அவுத்து விடத்தான் போறேன், சொல்லிட்டேன்.

ஊசி_மஞ்சு:
உங்க இஷ்டம். தண்ணி பத்தி மட்டும் சேத்துக்குங்க. ஜூலை, ஆகஸ்ட் வெயில்ல குட்டையில, ஏரியில பச்சை பெயின்ட் ஊத்துன மாதிரி பாசி மெதக்கும், அது பாசியே இல்ல, நீலப்பச்சை பாக்டீரியா. அதுல நீந்திட்டு மயிர நக்குனாலே நாய் செத்துப்போகும், சில நேரம் ஒரு மணி நேரம்கூட தாங்காது. நெப்ராஸ்காவுல ஏரித் தண்ணிய கோடையில டெஸ்ட் பண்ணி எச்சரிக்கை போடுவாங்க, அதப் பாத்துட்டுப் போங்க. பண்ணைக்காரங்க மாட்டுக்கு வெச்ச தொட்டியில நாயக் குளிப்பாட்டாதீங்க, அது மாடு குடிக்கிற தண்ணி. கேட்டு தெறந்திருந்தா தெறந்தே விடுங்க, மூடியிருந்தா மூடிருங்க.

கார்த்தி, கார்ல விட்டுட்டு “அஞ்சு நிமிஷம்”னு குன்று ஏறுற ஆளு நீங்க. வெளிய 80 டிகிரி ஃபாரன்ஹீட்டுன்னா உள்ள 20 நிமிஷத்துல 100-அ தாண்டிரும்.

ஷெர்லாக்_அம்மா:
நாத்தத் தண்ணிய பீச்சி அடிக்கிற ஸ்கங்க்க விட்டுட்டீங்களே! க்ரீக் ஓரம் ராத்திரி கண்டிப்பா வரும். நாய் மேல அடிச்சிருச்சுன்னா நாத்தம் போக தக்காளி ஜூஸ் எல்லாம் சும்மா. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு குவார்ட்டு (ஒரு லிட்டர் கிட்ட), கால் கப் பேக்கிங் சோடா, ஒரு ஸ்பூன் பாத்திரம் தேய்க்கிற சோப்பு, அப்பப்பவே கலந்து கண்ணுல படாம தேச்சு அஞ்சு நிமிஷம் விட்டு அலசுங்க. கலந்து பாட்டில்ல மூடி வெச்சுராதீங்க, வாயு கெளம்பி வெடிச்சிரும். ஸ்கங்க்க கடிச்சுச்சுன்னா அது வேற கதை, ரேபிஸ், உடனே வெட். ரேபிஸ் சர்டிஃபிகேட் ஒரு காப்பி காரோட வெச்சுக்கங்க.

மதி_ஆரோரா:
சரி, பாவ்னிதான், க்ரோ வேலியில புக் பண்ணிட்டேன். டோட்ஸ்டூல் செப்டம்பருக்கு. சாப்பாடு வீட்லேந்தே புளியோதரை, தயிர் சாதம், சப்பாத்தி குருமா. புஜ்ஜிக்கும் கொஞ்சம் குடுப்போம், அவளுக்கு தயிர் சாதம்னா உசுரு.

ஊசி_மஞ்சு:
குருமா வேண்டாம், வெங்காயம் பூண்டு ரெண்டும் நாய் ரத்தத்தக் கெடுக்கும். தயிர் சாதத்துல திராட்சை போடுற வீடா நீங்க? போடுவீங்கன்னா அவளுக்கு தனியா எடுத்து வெச்சுட்டு அப்புறம் போடுங்க, திராட்சை கிட்னிய அடிச்சிரும், காஞ்சதும்தான். மிக்சர் பொட்டலத்துலயும் காஞ்ச திராட்சை கெடக்கும், பிரிச்சா ஜிப்லாக் போட்டு கார்ல வைங்க. செப்டம்பர்ல டோட்ஸ்டூல் போறீங்கன்னா அது வேட்டை சீசன், புஜ்ஜிக்கு ஒரு ஆரஞ்சு வெஸ்ட் வாங்கிருங்க.

மதி_ஆரோரா:
திராட்சை மாமியார் ரெசிப்பி, நான் வாயத் தெறக்க முடியாது. தனியா எடுத்து வெக்கச் சொல்றேன். வெஸ்ட்டு சைஸ் எப்படி அளக்கணும், நெஞ்சா கழுத்தா?

ஷெர்லாக்_அம்மா:
நெஞ்சு. முன்னங்காலுக்குப் பின்னாடி டேப்ப சுத்தி, ரெண்டு விரல் நுழையிற அளவு விட்டு எடுங்க.